பொட்டியைத் திருகுவதை நிறுத்துங்கள்: 'எல்ஸ்ட்ரீ காலிங்'கை முழுசாகக் காட்டச் சொல்லி ஒரு திறந்த மடல்

பழைய பிரிட்டிஷ் பேசும்படங்களைக் காத்து, தூசி தட்டி, திரையிட்டு, டிவிடி வட்டில் போட்டு விற்கும் அத்தனை பேருக்கும்,

வணக்கம்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டுக்குமே "தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது" என்ற தானியங்கிப் பதில்தான் வந்தது. உங்களிடம் வேலை பார்ப்பவர்களில் தமிழ் படிக்கிறவர் ஒருவராவது இருப்பார் என்ற நம்பிக்கையில் இதை இங்கே போடுகிறேன். அப்படி யாரும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இதைப் படிக்கிற நம் ஆட்களுக்காவது ஒரு நல்ல படத்தின் பெயர் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

விஷயம் 1930-இல் வந்த 'எல்ஸ்ட்ரீ காலிங்'. லண்டனுக்கு வடக்கே, ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய எல்ஸ்ட்ரீயில் பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் எடுத்த படம். ஸ்டுடியோ இருந்த ஊர் உண்மையில் போர்ஹம்வுட். ரயில் நிலையத்தின் பெயரில் எல்ஸ்ட்ரீ இருந்ததால் ஸ்டுடியோவுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. "லண்டன் காலிங்" என்று வானொலி கூப்பிட்ட காலம் அது. தமிழோசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தொனி சொல்லாமலே புரியும். அதைக் கொஞ்சம் கிண்டலாகத் திருப்பிப் போட்டு இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். 'சினி-ரேடியோ ரெவ்யூ' என்று விளம்பரமும் செய்தார்கள். மொத்தம் 86 நிமிடம், 19 துண்டுகள். பாட்டு, ஆட்டம், நாட்டுப்புறக் கிண்டல், சிறு நாடகம் எல்லாம் வரும். கதை என்று ஒன்று இல்லை. நம் ஊர்த் திருவிழாக்களில் போடும் 'பல்சுவை நிகழ்ச்சி'யைப் படச்சுருளில் ஏற்றியது மாதிரி.

இந்தப் படத்தை நீங்கள் நடத்தும் விதம்தான் என் குறை.

போன வருஷம் ஒரு அரங்கில் (பெயர் வேண்டாம், நல்லவர்கள்தான், தேநீரெல்லாம் கொடுத்தார்கள்) 'எல்ஸ்ட்ரீ காலிங்' என்று அறிவிப்பு பார்த்து டிக்கெட் எடுத்துப் போனேன். காட்டியது 16 நிமிடம். பின்னாளில் மர்மப்படங்களால் உலகப் புகழ் பெற்ற ஆல்பிரட் ஹிட்ச்காக் இந்தப் படத்துக்காக எடுத்த துணுக்குகளை மட்டும் வெட்டிக் கோத்து, முன்னால் ஒருவர் வந்து 25 நிமிடம் பேசினார். கையில் கொடுத்த தாளில் ஹிட்ச்காக்கின் பெயர் ஏழு இடத்தில் இருந்தது, எண்ணிப் பார்த்தேன். படத்தின் இயக்குநர் ஏட்ரியன் புரூனல் பெயர் ஒரே இடத்தில், அதுவும் 'உடன்' என்ற சொல்லோடு. படத்தில் பாடி, வாசித்து, சிரிக்க வைத்த லில்லி மாரிஸ், வில் ஃபைஃப், டெடி பிரவுன் யாருமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மா ஒருவர், தன் அம்மா லில்லி மாரிஸின் பாட்டைப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுவாராம், அதைக் கேட்கத்தான் பஸ் ஏறி வந்தாராம். விளக்குப் போட்டதும் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பேசாமல் போய்விட்டார்.

ஹிட்ச்காக் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. ஆனால் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவோடு பேசிய அந்த நீண்ட உரையாடலில் அவரே இந்தப் படத்தை ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போனவர். அவர் தூக்கிப் போட்டதைப் பொறுக்கி எடுத்து அவருக்கே மாலையாகப் போடுவானேன்?

படத்தைப் பார்க்காதவர்களுக்காக அவர் என்ன செய்தார் என்று சொல்லிவிடுகிறேன். மொத்தப் படமும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் ஒரு நிகழ்ச்சி என்பது பாவனை. ஒரு வீட்டில் நடிகர் கார்டன் ஹார்க்கர் தன் தொலைக்காட்சிப் பெட்டியில் அதைப் பார்க்க உட்காருகிறார். படம் வராது. கழற்றுவார், திருகுவார், ஊதுவார். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று தெரியத் தொடங்கும்போது அந்த ஐட்டம் முடிந்துபோயிருக்கும். விட்டாலாவது தானாக வரும். ஆனால் கை சும்மா இருக்காதே!

இந்தத் துணுக்குகளை ஐட்டங்களுக்கு நடுவே நடுவே செருகியிருக்கிறார்கள். சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. லில்லி மாரிஸ் மேடையை அதிர அடித்துவிட்டுப் போனதை நாம் பார்த்து முடித்திருப்போம். அடுத்த நொடி ஹார்க்கரின் வீடு. இந்த மனுஷன் எதைக் கோட்டைவிட்டான் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நீங்கள் லில்லி மாரிஸை வெட்டி எறிந்துவிட்டு ஹார்க்கரை மட்டும் காட்டினால் அவன் எதைக் கோட்டைவிட்டான் என்று நான் சிரிப்பது? ஸ்குரூ டிரைவரோடு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். பந்தியில் ஊறுகாயை மட்டும் வைத்துவிட்டு, "சமையல் எப்படி?" என்று கேட்கிற மாதிரி இருக்கிறது.

கோபித்துக்கொள்ள வேண்டாம், நேராகவே சொல்கிறேன்: அந்த ஹார்க்கர் நீங்கள்தான். எதிரே முழு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அதன் ஒரு திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, அந்த ஐட்டங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

லில்லி மாரிஸிலிருந்தே தொடங்குகிறேன். பிறந்தது 1882. படம் எடுத்தபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்தே மியூசிக் ஹால் மேடைதான், அதாவது பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கலந்து போடும் அரங்கு மேடைதான், வாழ்க்கை. இதில் இரண்டு பாட்டு பாடுகிறார். ஒன்றில் வேலைக்காரக் குடும்பத்துப் பெண். என் புருஷன் உழைப்பாளி, பாவம், அவரை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று பரிந்து பாடுவார். பாடப் பாட, அந்த வீட்டில் உழைக்கிறது யார், உட்கார்ந்து தின்கிறது யார் என்பது வரிக்கு வரி வெளியே வரும். முகத்தில் மட்டும் பெருமை குறையவே குறையாது.

இன்னொன்று, 'நான் மட்டும் ஏன் எப்பவுமே தோழிப்பெண்ணாகவே நிற்கிறேன்' என்கிற பாட்டு. தோழிப்பெண்ணின் உடுப்பில், கையில் பூச்செண்டோடு வருகிறார். எத்தனையோ கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றாயிற்று, தன் கல்யாணம்தான் நடந்தபாடில்லை. இதைக் கண்ணைக் கசக்கிப் பாடலாம். லில்லி மாரிஸ் பாடுவதோ குதித்து. திடீரென்று ஒரு காலைத் தூக்கி ஒரு உதை, இரண்டு தப்படி, ஒரு சுற்று, மறுபடி முகத்தில் அசட்டுச் சிரிப்பு. தொண்டை கிழிகிற குரல். அந்த வயதுப் பெண்மணி மேடையில் இப்படி ஆடலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. ஆடக்கூடாது என்று சொல்ல யாருக்கும் துணிவும் வந்திருக்காது.

அந்தப் பாட்டு 1917-இலேயே வந்துவிட்டது. அதாவது படமாகும்போது அதற்குப் பதின்மூன்று வயது. மியூசிக் ஹால் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். ஒரு கலைஞரிடம் 'டர்ன்' என்று ஒன்று இருக்கும். ஏழெட்டு நிமிடம், பத்து நிமிடம். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். திங்கட்கிழமை காலையில் பாட்டுத்தாள்களோடு அந்த ஊர் அரங்கின் வாத்தியக்காரர்களிடம் போய் ஒத்திகை, ராத்திரி இரண்டு காட்சி, வாரம் முடிந்ததும் அடுத்த ஊருக்கு ரயில். மான்செஸ்டரில் பார்த்தவர் லீட்ஸில் பார்க்கப் போவதில்லை. அதனால் ஒரே டர்னை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில், சிலர் ஆயுசுக்கும், பிழைப்பு நடத்தினார்கள். எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும், எந்தச் சொல்லுக்கு முன்னால் அரை நொடி நிறுத்தினால் கடைசி வரிசைக்காரன் சிரிப்பான் என்பதெல்லாம் ஆயிரம் ராத்திரிகளில் தேய்த்துத் தேய்த்து வந்த கணக்கு.

படமும் வானொலியும் வந்து அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டன. ஒரே ராத்திரியில் நாடு முழுக்க அந்த ஐட்டத்தைப் பார்த்துவிட்டால் அடுத்த வாரம் எந்த ஊருக்குப் போவது? ஆக, ஒரு மியூசிக் ஹால் கலைஞர் கேமரா முன்னால் வந்து நிற்பது என்றால், வாழ்நாள் சேமிப்பை ஒரே நாளில் எடுத்துக் கொடுப்பது மாதிரி. அந்தச் சேமிப்பைத்தான் நீங்கள் 'ஹிட்ச்காக் சம்பந்தப்படாத பகுதிகள்' என்று குறிப்பெழுதி ஓரங்கட்டுகிறீர்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அப்போதைய பேசும்படத்தில் ஒலிவாங்கி தொங்கும் இடத்தை விட்டு ஆள் நகர முடியாது. கேமராவுக்கும் கைகால் கட்டிப்போட்ட மாதிரிதான். படவிமர்சகர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள், "நாடகத்தைப் படம் பிடித்த மாதிரி இருக்கிறது" என்று. எனக்கு அதுதான் வரம். இன்னும் ஐந்து வருஷம் கழித்து எடுத்திருந்தால் லில்லி மாரிஸ் காலைத் தூக்கும்போது ரசிகர்களின் முகத்தைக் காட்டி, பாடும்போது பூச்செண்டைக் காட்டி, கூறுபோட்டிருப்பார்கள். இங்கே கேமரா முன்வரிசை ரசிகன் மாதிரி உட்கார்ந்து பார்க்கிறது. அதனால்தான் அந்த அரை நொடி நிறுத்தம் அப்படியே நமக்குக் கிடைக்கிறது.

எல்லாமே அமிர்தம் என்று நான் சொல்லமாட்டேன். நடனப் பெண்கள் வரிசையாக வந்து காலைத் தூக்கும் சில காட்சிகள் பள்ளிக்கூட உடற்பயிற்சி வகுப்பு. தொகுப்பாளர் டாமி ஹேண்ட்லியின் பாதி ஜோக்குகள் அன்றைக்கே செத்துப் பிறந்திருக்க வேண்டும். ஆனால் இந்த ஹேண்ட்லிதான் பிறகு பிபிசி வானொலியில் பத்து வருஷம், இரண்டாம் உலகப் போர் முழுக்க, குண்டுமழைக்கு நடுவே நாட்டையே சிரிக்க வைத்தவர். 1949-இல் அவர் இறந்தபோது செயின்ட் பால் பேராலயத்தில் நினைவு வழிபாடு நடந்தது. ஒரு கோமாளிக்கு! அந்த மனிதர் இதில் ஒலிவாங்கி முன்னால் நின்று கொஞ்சம் தடுமாறிக்கொண்டு, தனக்கும் நமக்கும் இடையில் இருக்கும் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். அந்தச் செத்த ஜோக்குகளையும் வெட்டாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

ஏனென்றால் மேடையில் அந்த ஆளுக்கு ஒரு வேலை உண்டு. பின்னால் செட் மாற்ற நேரம் வேண்டும். அதுவரை முன்னால் ஒரு திரையை இறக்கிவிட்டு ஒருவர் வந்து பேசிச் சமாளிப்பார். படத்தில் செட் மாற்ற வேண்டியதே இல்லை. கத்தரித்து ஒட்டினால் போதும். அப்படியும் ஒருவர் வந்து நிற்கிறார். ஏதோ திரைக்குப் பின்னால் ஆட்கள் மேஜை நாற்காலி தூக்கிக்கொண்டிருக்கிற மாதிரி. பழைய பழக்கம் புதிய வீட்டுக்குக் குடிவந்த கதை.

இதை எனக்குப் புரியவைத்தது என் அம்மா.

அம்மா வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஆறு மாதத்துக்கு இங்கே வந்திருக்கிறார். ஆங்கிலம் தெரியாது. மழை விடாமல் பெய்த ஒரு சாயங்காலம், நண்பர் ஒருவர் கொடுத்த வட்டை மடிக்கணினியில் போட்டேன். ஒலி பாதி இடத்தில் கொரகொரவென்று இருக்கும். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பார்த்தார். ஹேண்ட்லி மூன்றாம் தடவை வந்தபோது, "இவன் பபூனா தம்பி?" என்று கேட்டார். வள்ளி திருமணம் நாடகத்தில் முதலில் வந்து ஒரு மணி நேரம் பேசிக் கூட்டத்தைச் சேர்த்துவிட்டுப் போவாரே, அந்தப் பபூன். "ஆமாம்மா" என்றேன். அதற்குமேல் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஹார்க்கர் வந்ததும் கீரையைத் தட்டில் போட்டுவிட்டார்.

"உங்கப்பா!"

அப்பா எண்பதுகளில் மாடியேறி ஆன்டெனா திருப்பிய காலம் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கம் தூர்தர்ஷனைவிடக் கடலுக்கு அந்தப் பக்கத்து ரூபவாஹினி சுலபமாகக் கிடைக்கும். அப்பா மாடியில், நான் நடுவாசலில், அம்மா பெட்டிக்கு முன்னால். "தெரியுதா?" "இல்ல!" "இப்ப?" "வந்துச்சு, வந்துச்சு... போச்சு!" நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கத்த வேண்டும். ஒருநாள் படம் கண்ணாடி மாதிரி வந்தது. அப்பா கேட்காமல் இன்னும் கொஞ்சம் திருப்பினார். அத்தோடு அன்றைக்கு முடிந்தது. அப்பா போய் எட்டு வருஷம் ஆகிறது. அம்மா அன்று சிரித்த மாதிரி நான் பார்த்து வெகுநாளாயிற்று.

இதில் வேடிக்கை, படம் வந்த 1930-இல் பிரிட்டனில் தொலைக்காட்சி என்பதே கிட்டத்தட்ட ஒரு வதந்தி. ஜான் லோகி பேர்ட் 1926 ஜனவரியில் சோஹோவில் ஒரு மாடியறையில் செய்து காட்டினார். 1929 செப்டம்பர் கடைசியில்தான் பிபிசி தன் ஒலிபரப்புக் கோபுரத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தது. படம் 30 கோடுகளால் ஆனது. ஒரு முகம் தெரிந்தால் பெரிய விஷயம். படமும் ஒலியும் சேர்ந்து வரத் தொடங்கியதே 1930 மார்ச் மாதக் கடைசியில். நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடம் மட்டும் பெட்டி இருந்த காலத்தில், அதைத் தட்டித் திருகும் குடும்பத்தலைவரை இவர்கள் பிடித்துவிட்டார்கள். பெட்டி வருவதற்கு முன்பே பெட்டியைத் திருகுகிறவன் வந்துவிட்டான்.

வில் ஃபைஃப் பற்றி ஒரு சொல். ஸ்காட்லாந்தின் டண்டீக்காரர், ஆனால் 'நான் கிளாஸ்கோக்காரன்' என்று குடிகாரன் வேஷத்தில் பாடிய பாட்டுதான் அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது. கிளாஸ்கோக்காரர்களும் அதைத் தங்கள் ஊர்ப் பாட்டாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'எல்ஸ்ட்ரீ காலிங்'கில் அவர் ஒப்பாரி வைப்பது விஸ்கி விலைக்கு: பாட்டில் 12 ஷில்லிங் 6 பென்ஸ் ஆகிவிட்டதே, ஏழை எப்படிப் பிழைப்பது! ஸ்காட்டிஷ் உச்சரிப்பு எனக்கே பாதிக்குப் பாதிதான் பிடிபட்டது. அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். "டாஸ்மாக்ல விலை ஏத்துனப்ப நம்ம தெருமுனையில இதத்தான் பாடுனானுவ" என்றார்.

டெடி பிரவுன் வந்தால் மொழியே வேண்டாம். மலை மாதிரி உடம்பு. முன்னால் இருக்கும், கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் சைலஃபோன் குழந்தை விளையாட்டுச் சாமான் மாதிரி தெரியும். குச்சிகள் மட்டும் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் பறக்கும், உடம்பு அலட்டிக்கொள்ளாது. திரி எடீஸ் என்று மூன்று கறுப்பின ஆட்டக்காரர்கள் எலும்புக்கூடாக மாறி ஆடுவார்கள். இவர்களைப் பற்றி உங்கள் பட்டியலில் ஒரு வரியாவது இருக்க வேண்டாமா?

அன்னா மே வாங் விஷயம் கொஞ்சம் கசப்பு. சீன-அமெரிக்க நடிகை. ஹாலிவுட்டில் நல்ல வேஷம் கொடுக்காததால் ஐரோப்பாவுக்கு வந்தவர். முந்தைய வருஷம்தான் 'பிக்காடிலி' என்ற மௌனப்படத்தில் நடித்து லண்டனைத் திரும்பிப் பார்க்க வைத்திருந்தார். இந்தப் படத்தில் டொனால்டு கால்த்ராப் என்ற நடிகர் எப்படியாவது ஷேக்ஸ்பியர் வசனம் பேசிவிட வேண்டும் என்று நிகழ்ச்சி முழுக்க நுழைந்து நுழைந்து விரட்டப்படுவார். (ஹிட்ச்காக்கின் முதல் பேசும்படத்தில் பிரிட்டிஷ் மியூசியம் கூரைமேல் ஓடி விழுந்து சாகிறவர் இவர்தான்.) கடைசியில் அவருக்கு வாய்ப்புக் கிடைக்கும்: அடங்காப்பிடாரியை அடக்கும் நாடகம். அந்த அடங்காப்பிடாரி அன்னா மே வாங். வந்து எல்லார் முகத்திலும் கஸ்டர்ட் 'பை' என்ற குழைந்த பண்டத்தை வீசுவார். அவருக்குக் கொடுத்தது அந்த வேலைதான். கேலியில் அவர் பங்காளியா, கேலிப்பொருளா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகச் சொல்ல வரவில்லை. ஆனால் குறி மட்டும் ஒரு தடவைகூடத் தப்பாத மாதிரி ஒரு ஆவேசம். இதையும் முழுசாகப் பார்த்தால்தானே பேச முடியும்? சங்கடமான இடங்களுக்கு முன்னால் நாலு வரி விளக்கம் போடுங்கள், போதும். கத்தரிக்கோல் வேண்டாம்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படம் கறுப்பு வெள்ளை என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். சில காட்சிகளுக்கு வண்ணம் உண்டு. பாத்தே என்ற பிரெஞ்சுப் படநிறுவனத்தின் ஸ்டென்சில் முறை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனியாக ஒரு படச்சுருளை எடுத்து, வண்ணம் விழ வேண்டிய இடத்தைச் ஒவ்வொரு படச்சட்டத்திலும் வெட்டி நீக்கி, அதை அச்சுப்பிரதிமேல் வைத்துச் சாயம் தோய்ந்த வெல்வெட் நாடாவால் தடவ வேண்டும். நம் ஊரில் சைக்கிளுக்குப் பெயர் எழுத அட்டையை வெட்டி வைத்து பிரஷ்ஷால் அடிப்பார்களே, அதே வேலைதான். ஆனால் ஒரு நொடிக்கு 24 தடவை. பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. அவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. வண்ணத்தையாவது காட்டுங்கள்.

இந்த மாதிரிப் படங்கள் வந்ததற்குக் காசும் ஒரு காரணம் என்பது எனக்குத் தெரியும். ஹாலிவுட்காரர்கள் 1929-இல் தங்கள் நட்சத்திரங்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி ரெவ்யூ படங்கள் எடுத்தார்கள். இவர்கள் பதிலுக்கு எடுத்தார்கள். 1927-இல் போட்ட சட்டப்படி அரங்குகள் குறிப்பிட்ட பங்கு உள்நாட்டுப் படங்களைக் காட்டியே ஆக வேண்டும். தொடக்கத்தில் 5 சதவீதம், பிறகு படிப்படியாக 20. அந்தக் கணக்கை நிரப்ப மலிவாக எதையாவது எடுக்க வேண்டிய கட்டாயம். பாத்தேகாரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வாராவாரம் எடுத்த வெரைட்டித் துணுக்குகளையே முப்பதுகளில் 'பாத்தேடோன் பரேடு' என்று முழுநீளமாகக் கோத்து விட்டார்கள். நம் பக்கமும் இந்த யோசனை எட்டாமல் இல்லை. 1939-இல் என்.எஸ். கிருஷ்ணன் நடித்த சிறு நகைச்சுவைப் படங்கள் 'சிரிக்காதே' என்று ஒரே படமாகச் சேர்ந்து வந்தன. ஒட்டுப்போட்ட படம் என்று அன்றைக்கு முகம் சுளித்தவர்கள் இருந்திருக்கலாம். இன்றைக்கு அந்த ஒட்டுதான் மிச்சம்.

2014-இல் பிரிட்டிஷ் பாத்தே தன் கிட்டங்கியிலிருந்து 85,000 துண்டுகளை யூடியூபில் கொட்டியபோது நான் ராத்திரி தூங்காமல் பார்த்தவன். அதில் கிடைத்த சந்தோஷத்தை மறுக்கமாட்டேன். ஆனால் அங்கே பழகியதால்தான் உங்களுக்கும் எல்லாவற்றையும் துண்டாகவே பார்க்கும் பழக்கம் வந்துவிட்டதோ என்று சந்தேகம். ஒரு மாலை நிகழ்ச்சிக்கு வரிசை என்று ஒன்று உண்டு. கூட்டம் இன்னும் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கும்போது யாரை ஏற்றுவது, அழ வைக்கிறவருக்கு அப்புறம் யார், பெரிய பெயரை எங்கே வைப்பது எல்லாம் யோசித்து வைத்தது. சுமாரான ஒன்று வந்து கொட்டாவி விட வைத்தபின் லில்லி மாரிஸ் வந்தால்தான் அந்த உதை நெஞ்சில் படும்.

ஆகவே கேட்கிறேன். படத்தை முழுசாக, வந்த வரிசையில் போடுங்கள். வட்டின் அட்டையில் ஹிட்ச்காக்கின் தொந்தி நிழலைப் போடுவதற்குப் பதிலாகப் பூச்செண்டு பிடித்த அந்தப் பெண்மணியைப் போடுங்கள். விற்காமல் போனால் என்னைக் கேளுங்கள். பட்டியலில் 19 துண்டுக்கும் யார், என்ன பாட்டு என்று எழுதுங்கள். இவை எல்லாவற்றையும்விட அவசரம் ஒன்று: பேச்சையும் பாட்டையும் எழுத்தில் கொடுங்கள். ஃபைஃபின் ஸ்காட்டிஷும் ஹார்க்கரின் லண்டன் கொச்சையும் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் தலைமுறை உங்கள் ஊரிலேயே குறைந்துகொண்டு வருகிறது. எழுத்தில் இருந்தால் எங்களைப் போன்றவர்கள் வேற்று மொழிக்கு மாற்றிக்கொள்வோம்.

சும்மா கேட்கவில்லை. லில்லி மாரிஸின் இரண்டு பாட்டுக்கும் தமிழ் துணைத்தலைப்பு போட்டு முடித்துவிட்டேன். தோழிப்பெண் பாட்டில்தான் திணறினேன். முதலில் 'மணமகளின் தோழி' என்று போட்டிருந்தேன். அம்மா படித்துவிட்டு, "யாருடா இப்படிப் பேசுவா? தோழிப்பொண்ணுன்னு போடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, எங்கள் தெருவில் எல்லார் கல்யாணத்துக்கும் தோழிப்பொண்ணாக நின்ற ஒரு அக்காவைப் பற்றிச் சொன்னார். நல்ல நிறம், நல்ல குரல், கோலம் போட்டால் தெருவே நின்று பார்க்குமாம். அந்த அக்கா கடைசிவரை அப்படியே இருந்துவிட்டாராம். "ஆனா அவ இப்படி ஆடல" என்றார் அம்மா. பிறகு, "அந்தப் பாட்டை இன்னொரு வாட்டி போடு."

ஃபைஃபின் பாட்டில் நாலு வரி எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்களிடம் சுத்தமான ஒலிப்பிரதி இருந்தால் அந்த நாலு வரியை மட்டும் கேட்டுச் சொன்னாலும் போதும். என் துணைத்தலைப்புக் கோப்பை எந்த முகவரிக்கு அனுப்பட்டும்? அம்மா நவம்பரில் ஊருக்குக் கிளம்புகிறார். அதற்குள் ஒரு தடவையாவது பெரிய திரையில், வண்ணத்தோடு, பக்கத்தில் உட்கார வைத்துக் காட்ட வேண்டும். அந்தப் பாட்டியம்மா மறுபடி வந்தால் அவருக்கும் சேர்த்து நான் டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பதினாறு நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்பிய ஒருவன்